என் பெயரில் நீ அடித்த கோல்

மூன்று நாளாக என் வலது கணுக்காலில் தைல வாடை அடித்துக்கொண்டிருக்கிறது. ஜன்னலைத் திறந்து வைத்தாலும் போகவில்லை. "அறுபது வயசுக்கு மேல பந்து உதைக்கப் போன ஆளு ஹால்ல படுக்க வேணாம், பால்கனியில போய் உக்காருங்க" என்று என் மனைவி சொல்லிவிட்டாள். ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, காலைத் தூக்கி வைக்க ஒரு ஸ்டூல், இதுதான் இப்போது என் ராஜ்யம். கீழே கொரட்டூர் ஸ்டேஷனுக்குப் போகிறவர்களில் காலையிலிருந்து இரண்டு பேர் அண்ணாந்து பார்த்து, "இன்னா கார்னர் சேகரு, கால்ல இன்னா கட்டு?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள். கார்னர் சேகராம். எல்லாம் உன்னால் வந்தது. செத்து எட்டு மாதம் ஆகியும் ஒரு மனுஷனை நிம்மதியாக உட்கார விடாத ஆள் நீ ஒருவன்தான்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்ல வேண்டும். அதற்குப் பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் நீ எப்போதும் பாதியில் சிரித்து விஷயத்தைக் கெடுத்துவிடுவாய். இப்போது குறுக்கே பேச முடியாதல்லவா, கேள்.

முப்பது வருடத்துக்கு முன்னால் இதே கணுக்கால்தான் வீங்கியது. அம்பத்தூர் எஸ்டேட், ஆவடி கம்பெனிகளுக்குள் நடக்கும் கால்பந்துப் போட்டியில் எங்கள் கம்பெனி ஃபைனலுக்கு வந்திருந்தது. நான் ரைட் பேக், வலது பக்கம் நின்று தடுக்கிற ஆள். பெரிய ஆட்டக்காரன் இல்லை. ஓடுவேன், இடிப்பேன், பந்தை எங்கேயாவது தூக்கி அடிப்பேன். செமி ஃபைனலில் காலை மடக்கிக்கொண்டு விழுந்தேன். ஃபைனலுக்கு நான்கு நாள். நீதான் என் வீட்டுக்கு வந்து தைலம் தேய்த்தாய். "மெதுவாடா" என்று கத்தினால், "பந்துக்குப் பயப்படாத கால், என் கைக்குப் பயப்படுது பார்" என்று இன்னும் அழுத்துவாய்.

போட்டியின் விதி எல்லோருக்கும் தெரியும். பர்மனென்ட் ஆட்கள் மட்டும்தான் ஆடலாம், மைதானத்தில் இறங்கும் முன் ஐடி கார்டைக் காட்ட வேண்டும். அந்த விதியை எந்தக் கம்பெனியும் மதித்ததில்லை என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஆள் குறைந்தால் வெளியிலிருந்து ஒரு நல்ல ஆட்டக்காரனைப் பிடித்து, உள்ளே இருப்பவன் பெயரில் இறக்குவார்கள். 'பேருல ஆடுறது' என்று அதற்கு ஒரு சொல்லே இருந்தது. கார்டில் இருக்கும் போட்டோ கிரீஸ் பட்டு, வியர்வை பட்டு, யார் முகம் என்று பெற்ற தாய்க்கே தெரியாத நிலையில் இருக்கும். மீசை இருந்தால் போதும். நீ எங்கள் கம்பெனிக்கு இரண்டு சந்து தள்ளி ஒரு சின்ன லேத் பட்டறையில் வேலை செய்தாய். ஏரிக்கரை மைதானத்தில் உன் இடது காலைப் பற்றித் தெரியாதவர்கள் இல்லை. எங்கள் கேப்டன் உன்னைக் கேட்டபோது நீ யோசிக்கவே இல்லை. "சேகர் பேருலயா? மீசையை மட்டும் கொஞ்சம் கத்திரிச்சிக்கிறேன்" என்றாய்.

அன்றைக்கு எனக்கு வந்த சோதனையை யாரிடம் சொல்வேன். நான் மைதானத்தில் ஆடிக்கொண்டிருப்பதால், நான் மைதானத்தில் இருக்கக்கூடாது. மேட்சைப் பார்க்காமலும் இருக்க முடியவில்லை. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, ஆவடி மைதானத்துக் காம்பவுண்டு சுவருக்கு வெளியே சைக்கிளைச் சாய்த்து, வீங்கிய காலோடு கேரியர் மேல் ஏறி நின்று எட்டிப் பார்த்தேன். பக்கத்தில் ஒரு சுண்டல்காரரும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

எதிரே ஆவடி அணி. கடைசி ஐந்து நிமிடம் வரை இரண்டு பக்கமும் கோல் இல்லை. வலது மூலையில் எங்களுக்கு ஒரு கார்னர் கிடைத்தது. நீ போய்ப் பந்தை வைத்தாய். இரண்டு அடி பின்னால் வந்து இடது காலால் அடித்தாய். கோல் முன்னால் பத்துப் பதினைந்து பேர் குதித்தார்கள். ஒருவன் தலையிலும் படவில்லை. வெளியே போகிற பந்து என்றுதான் நான் நினைத்தேன். அது வளைந்து, கோல்கீப்பர் கைக்கு மேலே, தூர போஸ்டை ஒட்டி உள்ளே போய்விட்டது. டைரக்ட் கார்னர். சைக்கிள் சரிந்தது. நானும் சுண்டல்காரரும் ஒன்றாக விழுந்தோம். அவர் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு கேட்டார், "யார்ணே அட்சது?"

"சேகர்" என்றேன்.

முதலில் அந்தப் பொய்யைச் சொன்னது நான்தான். இதை நான் மறைக்கவில்லை.

அடுத்த வாரம் கம்பெனி ஷெட்டில் பாராட்டு விழா. மேனேஜர் என் கையைக் குலுக்கி மெடல் போட்டார். நீ கேட்டுக்கு வெளியே நின்று, வாட்ச்மேனோடு சேர்ந்து கை தட்டிக்கொண்டிருந்தாய். வெளியே வந்து மெடலை உன் கையில் திணித்தேன். நீ வாங்கவில்லை. "நீயே வெச்சிக்க மாமே. கால் என்னுது, பேரு உன்னுது, கப்பு கம்பெனியோடது. அவ்ளோதான் மேட்டரு. வா, டீ சாப்டலாம்" என்றாய். எனக்கு அப்போதே எரிச்சலாக இருந்தது. ஒருத்தனுக்கு வருத்தம் என்று ஒன்று இருந்தால் அதை முகத்தில் காட்ட வேண்டும். நீ காட்டவே மாட்டாய்.

அதற்குப் பத்து நாள் கழித்து வந்ததுதான் பெரிய சோதனை. சிட்டியிலிருந்து ஒரு கிளப்காரர், தொப்பி போட்டவர், சாப்பாட்டு நேரத்தில் எங்கள் கம்பெனிக்கு வந்தார். 'டைரக்ட் கார்னர் போட்ட பையன்' யார் என்று கேட்டார். சூப்பர்வைசரே அவரை என்னிடம் அழைத்து வந்தார். லாரி நிற்கும் இடத்தில் ஒரு பந்தைப் போட்டு, "நாலு அடி அடி பார்க்கலாம்" என்றார். முதல் பந்து லாரிக்கு அடியில் போனது. இரண்டாவது கேன்டீன் ஓட்டின் மேல் விழுந்தது. மூன்றாவதை அவரே வேண்டாம் என்றுவிட்டார். என் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், "மேட்சுலதான் வரும்போல" என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டு சந்து தள்ளி நீ லேத்தில் நின்றிருந்தாய். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் நடந்தே வந்திருப்பார். சூப்பர்வைசர் பக்கத்தில் நின்றார். ஆள் மாறாட்டம் என்று தெரிந்தால் என் வேலை போய்விடும். நான் வாயைத் திறக்கவில்லை.

சாயந்திரம் உன்னிடம் வந்து இதைச் சொன்னேன். நீ என்ன செய்தாய், ஞாபகம் இருக்கிறதா? லேத்தை நிறுத்திவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "நல்லவேளை, அந்த கிளப்பு தப்பிச்சிது" என்றாய்.

அதோடு விட்டாயா? என் தலையில் ஒரு பட்டத்தைக் கட்டினாய். கார்னர் சேகர் என்று முதலில் கூப்பிட்டது நீதான். என் கல்யாணத்தில் பெண் வீட்டு ஆட்களைச் சுற்றி உட்கார வைத்துக்கொண்டு, "மாப்ள அட்ச்ச பால் கீது பாருங்க, அப்டியே வளைஞ்சிகினு போய்…" என்று கையை வளைத்து வளைத்துக் காட்டினாய். என் மாமனாருக்குப் பந்தும் தெரியாது, ஆட்டமும் தெரியாது. ஆனால் சாகும் வரை அதை எல்லோரிடமும் சொன்னார். டீக்கடையில், சலூனில், ரேஷன் கடை வரிசையில், யாராவது ஒருவன் "அண்ணாத்தே, அந்த கார்னரு எப்டி அட்ச்ச?" என்று கேட்பான். நான் திருதிருவென்று விழிப்பேன். நீ பக்கத்திலிருந்து எடுத்துக் கொடுப்பாய். "காத்து அன்னிக்கு இந்தப் பக்கமா அட்ச்சுது. அத்தப் பாத்துட்டுதான் இவன் வெச்சான்." அன்றைக்குக் காற்று அடித்தது எனக்கு எப்படித் தெரியும்? நான் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தேன்.

கம்பெனியை மூடினார்கள். வேலை போய்விடும் என்ற பயமும் அதோடு போனது. "இப்பவாவது சொல்லிடலாம்டா" என்று கேட்டேன். "உட்றா மாமே" என்றாய். என் மகள் கல்யாணத்தின்போது கேட்டேன். "இப்ப போய் இன்னாத்துக்கு?" என்றாய். உனக்கு முதல் தடவை நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும் கேட்டேன். "டாக்டரே அதிகமாப் பேசக் கூடாதுன்னுட்டாரு" என்று கண்ணை மூடிக்கொண்டாய். உன்னிடம் ஒரு விஷயத்தைப் பேசி முடிப்பதற்குள் மனுஷனுக்கு நெஞ்சு வலி வந்துவிடும். வந்தது என்னவோ உனக்கு.

போன மாதம் நம் பக்கத்து இளைஞர் கால்பந்துக் கழகத்திலிருந்து மூன்று பேர் வீட்டுக்கு வந்தார்கள். மூத்த ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கிறார்களாம். ஆறு பேர் பட்டியல். அதில் நான் முதல் ஆள். நான் உன் பெயரைச் சொன்னேன். "இந்த ஊர்லயே அவனை மாதிரி ஆடினவன் கிடையாது, அவனை எப்படி விட்டீங்க?" என்றேன். கையில் நோட்டு வைத்திருந்தவர் மரியாதையாகத்தான் கேட்டார்.

"அவரு சர்டிபிகேட் ஏதாவது கீதா அங்கிள்? மெடலு? போட்டோ? ஏதாவது ஒண்ணு இருந்தா சேத்துக்கலாம்."

எங்கிருந்து இருக்கும்? எல்லாம் என் பீரோவில் என் பெயரில் இருக்கிறது. நான் வர மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகுதான் தோன்றியது, மைக் கொடுப்பார்கள். ஊரே உட்கார்ந்திருக்கும். அங்கே வைத்து உண்மையைப் போட்டு உடைத்துவிடலாம். உன்னால்தான் இப்போது கையைப் பிடித்து இழுக்க முடியாதே. காட்டுப்பாக்கத்தில் மகள் வீட்டில் இருக்கும் உன் மனைவிக்குப் போன் செய்தேன். "ஞாயித்துக்கிழமை கண்டிப்பா வரணும் தங்கச்சி" என்றேன். எதற்கு என்று சொல்லவில்லை. பாவம், இரண்டு பஸ் மாறி வந்து, கடைசி வரிசையில் ஓரமாக உட்கார்ந்திருந்தாள்.

ஏரிக்கரை மைதானத்தில்தான் விழா. மேடைக்குப் பக்கத்தில் பெரிய ஃப்ளெக்ஸ். எங்கள் பழைய கோல்கீப்பர் வீட்டுப் பரணிலிருந்து ஒரு போட்டோவைக் கண்டுபிடித்துப் பெரிதாக்கியிருந்தார்கள். கார்னர் கொடிக்குப் பின்னால் நின்று எடுத்தது. இடது காலைத் தூக்கிப் பந்தை உதைக்கப் போகும் ஒருவனின் முதுகுப் பக்கம்தான் தெரிகிறது. முகம் இல்லை. கீழே கொட்டை எழுத்தில் 'டைரக்ட் கார்னர் நாயகன் சேகர்'.

பொன்னாடை போர்த்தி மைக்கைக் கொடுத்தார்கள். நான் தயார் செய்து வைத்திருந்ததை எல்லாம் மறந்துவிட்டு நேராகச் சொன்னேன். "அந்தக் கோலை நான் அடிக்கவில்லை. என் பெயரில் என் நண்பன் அடித்தான். அவன் இப்போது இல்லை. இந்த மரியாதை அவனுக்குச் சேர வேண்டியது." உன் பெயரை இரண்டு தடவை சொன்னேன். முழுப் பெயர், இனிஷியலோடு.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த நம் கோல்கீப்பர் என் வேட்டியைப் பிடித்து இழுத்தார். "உக்காருய்யா. இன்னா பேசிக்கினு கீற? கப்பைப் புடுங்கிக்கப் போறானுங்க" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. கம்பெனி மூடி இருபது வருடம் ஆகிறது. அந்த இடத்தில் இப்போது அடுக்குமாடிக் கட்டிடம் நிற்கிறது. கப்பு எந்தப் பழைய இரும்புக் கடைக்குப் போனதோ, கடவுளுக்குத்தான் தெரியும். இவருக்கு இன்னும் பயம்.

அதைவிடக் கொடுமை, அறிவிப்பாளர். அந்த ஆள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்கை வாங்கினார். "அன்பு நெஞ்சங்களே! தான் அடித்த கோலையே மறைந்த நண்பனுக்குத் தாரை வார்க்கும் இந்தப் பெருந்தன்மையை எங்கே காண்போம்?" என்றார். கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. நான் கையை ஆட்டி ஆட்டி, "அய்யா, நான் வலது கால் ஆட்டக்காரன். படத்தைப் பாருங்க, அது இடது கால்" என்றேன். "இரண்டு காலும் பேசிய கலைஞர்!" என்றார். எனக்கு இரண்டாவது பொன்னாடை போட்டார்கள். உண்மையைச் சொல்லப் போய் ஒரே மேடையில் இரண்டு பொன்னாடை வாங்கியவன் நானாகத்தான் இருப்பேன்.

கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "சரி, பந்தைக் கொண்டாங்க, நான் அடிக்கிற லட்சணத்தைக் கண்ணால பாருங்க" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மூலைக்குப் போனேன். ஓங்கி உதைத்தேன். பந்து நான்கு அடி உருண்டு கோட்டுக்கு வெளியே போனது. கணுக்கால் கடக் என்றது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். "வயசாய்டுச்சு இல்ல, அதான். மனசுல இன்னும் தெம்பு கீது" என்று அதற்கும் கை தட்டினார்கள். இந்த ஊரை என்ன செய்வது, நீயே சொல்.

விழா முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். யாரோ என் காலில் ஐஸ் கட்டியை வைத்துவிட்டுப் போனார்கள். உன் மனைவி மேடைக்குக் கீழே, அந்த ஃப்ளெக்ஸ் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அவளும் என்னைப் பெருந்தன்மைக்காரன் என்று சொல்லிவிட்டால் அந்த இடத்திலேயே செத்துப்போவேன் என்று நினைத்தேன். நொண்டிக்கொண்டு பக்கத்தில் போனேன். அவள் திரும்பவில்லை.

"இது அவுருதாண்ணே" என்றாள்.

"ஆமாம் தங்கச்சி. அதைத்தான் நான்…"

"நீங்க மைக்ல சொன்னதுக்காகச் சொல்லல. வந்து உக்காந்ததுமே பாத்துட்டேன். என்னிக்காவது என்கூடச் சேந்து நடந்துகீறாரா? கோயிலுக்குப் போனாலும், கடைக்குப் போனாலும் பத்தடி முன்னாலயே போய்க்கினு இருப்பாரு. இருபத்தெட்டு வருஷம் இந்த முதுகைப் பாத்துகினுதானே பின்னாடியே ஓடினேன். எனக்குத் தெரியாதா?"

அவள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒரே ஒரு வாட்டி ஊட்ல சொன்னாருண்ணே. டிவில மேட்ச் ஓடிக்கினு இருந்துது. 'நான்கூட ஒரு கோல் போட்டுகீறேன், டைரக்ட் கார்னரு'ன்னாரு. நானும் பொண்ணும் உழுந்து உழுந்து சிரிச்சோம். சேகர் அண்ணன் கோலைத் திருடப் பாக்கறியான்னு கேட்டேன். அவரும் சிரிச்சிட்டு உட்டுட்டாரு." பிறகு கேட்டாள், "ஏண்ணே, அவரு உசுரோட கீறப்போ நீங்க ஏன் சொல்லல?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் தயாராக இருந்தது. அவன்தான் சொல்லவிடவில்லை, மூன்று தடவை கேட்டேன், மூன்று தடவையும் வேண்டாம் என்றான். வாயைத் திறந்தேன். அந்த முதுகுக்கு முன்னால் நின்று அதைச் சொல்ல வரவில்லை. ஏனென்றால் அது பொய். நீ வேண்டாம் என்று சொல்வாய் என்று தெரிந்துதான் நான் ஒவ்வொரு தடவையும் கேட்டேன். உன்னைக் கேட்காமலே சொல்லியிருக்கலாம், ஞாயிற்றுக்கிழமை சொன்ன மாதிரி. தெருவில் நான்கு பேர் என்னைக் கார்னர் சேகர் என்று கூப்பிட்டது எனக்கு இனித்தது. எதிலும் சாதாரணமான ஒருவனுக்கு, கேட்டதும் நான்கு பேர் திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு பெயர் கிடைத்தது. அதை விட மனசு வரவில்லை. இவ்வளவு வருடம் உன்மேல் எரிந்து விழுந்ததெல்லாம் இதை மறைக்கத்தான்.

"எனக்குப் பிடிச்சிருந்துது தங்கச்சி. அதான்" என்றேன்.

அவள் கோபப்படுவாள் என்று காத்திருந்தேன். அவள் ஃப்ளெக்ஸின் ஒரு மூலையில் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தாள். கழகத்துக்காரர் ஒருவர் ஓடி வந்து உதவினார். சுருட்டிக் கட்டிக் கையில் வாங்கிக்கொண்டு சொன்னாள்.

"அவருக்கும் அது தெரியும்ணே. அன்னிக்கு நாங்க சிரிச்சு முடிச்சப்பறம், நெஜமாவே நீதான்னா போய் ஊர்ல சொல்ல வேண்டியதுதானேன்னு கேட்டேன். 'சேகருக்கு அது புடிச்சிருக்குது, அவங்கிட்டயே இருக்கட்டும்'னாரு. நான் அதையும் சும்மா சொல்றாருன்னு நெனச்சிட்டேன்."

அவளை ஆட்டோவில் ஏற்றிவிட்டேன். அந்தச் சுருளை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு போனாள்.

மூன்று நாளாக இங்கே உட்கார்ந்து இதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஆக, உனக்குத் தெரிந்திருக்கிறது. நான் கேட்ட ஒவ்வொரு தடவையும், எதற்காகக் கேட்கிறேன் என்று தெரிந்தே வேண்டாம் என்றிருக்கிறாய். தெரிந்துகொண்டே என் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறாய், எனக்காக அன்றைய காற்றையெல்லாம் வர்ணித்திருக்கிறாய். இனி யாரிடம் உண்மையைச் சொன்னாலும் நம்ப மாட்டார்கள், நான் நல்லவன் என்றுதான் சொல்வார்கள். நீ ஒருவன் நம்பியிருப்பாய். நீயும் இல்லை. ஒரே ஒரு தடவை என்னைத் திட்டியிருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும். திட்டாமலே போய்ச் சேர்ந்துவிட்டாய். இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது, சொல்லடா பாவி.